டெவலப்பர் டூல் கம்பெனியை வளர்க்க அக்கா தரும் 10 டிப்ஸ்



நல்ல வேலையில் இருக்கும் இன்ஜினீயர் பிள்ளைகள் பலர், சக டெவலப்பர்களுக்கு டூல் செய்து விற்கும் கம்பெனி தொடங்குகிறார்கள். டெஸ்டிங்குக்கு ஒன்று, லாக் பார்க்க ஒன்று, ஏபிஐ சரிபார்க்க ஒன்று. கோட் அருமையாக இருக்கும். ஆனால் சில மாதம் கழித்துப் பார்த்தால், பயன்படுத்த ஆள் இருக்கும், வருமானம் இருக்காது. இல்லையென்றால் டெமோ பார்த்துத் தலையாட்டிய மேனேஜர்கள் இருப்பார்கள், தினமும் திறந்து வேலை செய்கிற ஆள் இருக்க மாட்டார்.

காரணம் இதுதான். இந்தத் தொழிலில் டூலைக் கையில் எடுப்பவர் டெவலப்பர், காசு கொடுப்பது அவருடைய கம்பெனி. பள்ளிக்கூட வேன் மாதிரி. ஏறிப் போவது பிள்ளை, ஃபீஸ் கட்டுவது வீட்டுப் பெரியவர்கள். பிள்ளை ஏற மாட்டேன் என்று அழுதாலும் வேன் மாறும், பிரேக் சரியில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்தாலும் வேன் மாறும். ஆகவே இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் டெவலப்பர், அடுத்து அவருடைய கம்பெனி. இந்த வரிசையை மாற்றாதே. கீழே இருக்கும் பத்தும் இதிலிருந்து வருபவைதான்.

1. உன் கையைக் கடித்த பிரச்சினையை எடு

போஸ்ட்மேன் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஏபிஐ சோதிப்பதில் தனக்கு இருந்த தொல்லைக்காக அபினவ் அஸ்தானா செய்துகொண்டதுதான் அது. 2012-ல் குரோம் எக்ஸ்டென்ஷனாக வந்தது. ஆட்கள் தேடி வந்து பயன்படுத்திய பிறகுதான், 2014-ல், பெங்களூருவில் கம்பெனி ஆனது. 2021-ல் அதன் மதிப்பு 560 கோடி டாலர்.

உன் யோசனையைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். உன் டீமுக்கு வெளியே இருக்கும் ஐந்து டெவலப்பர்களிடம், "இந்த வேலையை இப்போ எப்படிச் செய்யறீங்க?" என்று மட்டும் கேள். தாங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்து, அதைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்றால் அங்கே சந்தை இருக்கிறது. "ஐடியா நல்லா இருக்கே" என்பதோடு நின்றால் வேறு பிரச்சினையைத் தேடு.

2. முதல் பத்து நிமிடத்தைச் செதுக்கு

டெவலப்பர் உன் டூலைச் சோதிக்க உட்காருவது இரண்டு மீட்டிங்குக்கு நடுவில்தான். அந்த இடைவெளிக்குள் அவர் கண்ணுக்கு ஒரு பலன் தெரிய வேண்டும். அதற்கு:

- பதிவு செய்ய கிரெடிட் கார்டு கேட்காதே. "எங்கள் சேல்ஸ் டீம் தொடர்புகொள்ளும்" என்று நிறுத்தி வைக்காதே.
- முதல் பக்கத்தில் இருக்கும் கோடை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் ஓட வேண்டும்.
- எரர் மெசேஜில் என்ன தப்பு என்பதோடு, அடுத்து என்ன செய்வது என்பதையும் எழுது.
- விண்டோஸ் லேப்டாப்பிலும், ஆபீஸ் பிராக்ஸிக்குப் பின்னாலும், மெதுவான நெட்டிலும் ஓட்டிப் பார்.

மாதம் ஒருமுறை, டூலையே பார்த்திராத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பயன்படுத்தச் சொல். நீ வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அடுத்த வாரத்து வேலை அதுதான்.

3. முதல் வாடிக்கையாளர்களை நேரில் போய்ச் சேர்

ஸ்ட்ரைப் கம்பெனியைத் தொடங்கிய காலிசன் சகோதரர்கள் ஆரம்பத்தில் செய்ததை, ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம் 2013-ல் எழுதியிருக்கிறார். பயன்படுத்திப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருக்க மாட்டார்களாம். லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, அங்கேயே நிறுவிக் கொடுத்துவிடுவார்களாம்.

நீயும் முதல் இருபது பேருக்காவது அதைச் செய். சென்னை, கோவை, மதுரை எங்கே இருந்தாலும் பைத்தான், லினக்ஸ் ஆர்வலர் கூட்டங்களுக்குப் போ. ஆன்லைனில் என்றால் திரையைப் பகிரச் சொல்லிக் கூடவே இரு. அவர்களுடைய பழைய கோடையும் வினோதமான அமைப்புகளையும் நேரில் பார்த்தால்தான் உன் டூலில் எது குறைகிறது என்று தெரியும்.

4. டாக்குமென்டேஷனுக்கு உன் சிறந்த ஆளைப் போடு

டெவலப்பர் சேல்ஸ் போனை எடுக்க மாட்டார், டாக்ஸைப் படிப்பார். அதை நான்காகப் பிரித்து வை: புதிதாக வருபவருக்கு ஒரு தொடக்கப் பாடம், குறிப்பிட்ட வேலைக்குச் செய்முறை, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முழு விவரம், ஏன் இப்படி வடிவமைத்தோம் என்ற விளக்கம். இவை நான்கையும் ஒரே பக்கத்தில் குழைத்தால் யாருக்கும் பயன்படாது.

டாக்ஸில் இருக்கும் எடுத்துக்காட்டு கோடை ஒவ்வொரு ரிலீஸிலும் தானாக டெஸ்ட் ஆகும்படி வை. ஓடாத எடுத்துக்காட்டு ஒன்றே போதும், டூல் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். டிஜிட்டல்ஓஷன் தன் சேவையைப் பற்றி மட்டும் எழுதவில்லை. லினக்ஸ் சர்வரில் இதை எப்படி நிறுவுவது, அதை எப்படிப் பாதுகாப்பது என்று பொதுவான பாடங்களை எழுதிக் குவித்தது. விடை தேடி வந்தவர்களுக்கு அந்தப் பெயர் பழகிப்போனது. இப்போது கோடிங் ஏஐ கருவிகளும் டாக்ஸைப் படித்துத்தான் உன் டூலுக்குக் கோட் எழுதுகின்றன. அதனால் பக்கங்கள் எளிய உரையாக, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலக்காமல் இருக்கட்டும்.

5. தனி ஆளுக்கு இலவசம், டீமுக்குக் கட்டணம்

கைட் என்ற கம்பெனி 2014-லேயே ஏஐ வைத்துக் கோட் எழுத உதவும் டூலைத் தொடங்கியது. மாதம் 5 லட்சம் டெவலப்பர்கள் பயன்படுத்தினார்கள். கம்பெனி மூடப்பட்டதைப் பற்றி 2022-ல் எழுதியபோது நிறுவனர் சொன்ன காரணங்களில் ஒன்று, தனி டெவலப்பர்கள் டூலுக்குக் காசு கொடுப்பதில்லை என்பது.

டாக்கரைப் பார். 2013-ல் வந்து உலகமே பயன்படுத்தும் டூல் ஆனது. ஆனாலும் 2019-ல் தன் எண்டர்பிரைஸ் பிரிவை மிரான்டிஸுக்கு விற்க வேண்டி வந்தது. பிறகு 2021 ஆகஸ்டில் ஒரு தெளிவான கோடு போட்டது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிக்கும், ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டும் கம்பெனிக்கும் டாக்கர் டெஸ்க்டாப் கட்டணம். மாணவருக்கும் தனி ஆளுக்கும் சிறு கம்பெனிக்கும் இலவசம்.

உன் கோட்டை நீ முதல் வருடமே போடு. ஒருவர் தன் வேலையை முடிக்கத் தேவையானது இலவசமாக இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்தால் தேவைப்படுபவை, அதாவது யாருக்கு என்ன அனுமதி, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு, கம்பெனி லாகின், நேரம் குறித்த சப்போர்ட் எல்லாம் கட்டணத்தில் வரட்டும். இரட்டைச் சரிபார்ப்பு போன்ற அடிப்படைப் பாதுகாப்பை மட்டும் எல்லோருக்கும் கொடு. அதற்குக் காசு கேட்கக் கூடாது.

6. மேனேஜரிடம் போகும் டெவலப்பரை வெறுங்கையோடு அனுப்பாதே

ட்விலியோ 2015-ல் சான்பிரான்சிஸ்கோ சாலையோரத்தில் வைத்த விளம்பரப் பலகையில், உங்கள் டெவலப்பரைக் கேளுங்கள் என்பதுதான் செய்தியே. டூலை ஆபீஸுக்குள் கொண்டுபோகிறவர் டெவலப்பர் என்பதை அந்தக் கம்பெனி அவ்வளவு நம்பியது.

ஆனால் அவர் உள்ளே போய்க் கேட்டதும் கேள்விகள் வரும். டேட்டா எந்த நாட்டில் இருக்கிறது? கம்பெனி மூடிவிட்டால் என்ன ஆகும்? ஆடிட் முடித்திருக்கிறார்களா? இவற்றுக்கான விடையை நீ எழுதிக் கொடு. ஒரு பக்கம் போதும். டீமுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம், என்ன விலை, டேட்டா எங்கே, வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் எப்படி வெளியே எடுப்பது. விலையை வலைதளத்தில் திறந்து வை.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்பதாக இருந்தால் எஸ்ஓசி 2 என்ற பாதுகாப்பு ஆடிட் சான்று கேட்பார்கள். அதன் இரண்டாம் வகை அறிக்கைக்கு, உன் நடைமுறைகளைச் சில மாதங்கள் கண்காணித்த பிறகே ஆடிட்டர் கையெழுத்திடுவார். முதல் பெரிய வாடிக்கையாளர் கேட்ட பிறகு ஓடினால் அந்த ஆர்டர் காத்திருக்காது. முன்கூட்டியே தொடங்கு.

7. பணம் வாங்கும் வழியைச் சரிசெய்

இந்தியக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சப்ஸ்கிரிப்ஷனுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். ஆகவே உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு ஆண்டு இன்வாய்ஸ், வங்கிப் பரிமாற்றம் என்ற வழியையும் வை. வெளிநாட்டுக்குச் சேவை ஏற்றுமதி செய்கிறாய் என்றால், ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்துவிட்டால் ஐஜிஎஸ்டி கட்டாமலே இன்வாய்ஸ் போடலாம். இதைத் தெரிந்த ஆடிட்டரை ஆரம்பத்திலேயே பிடி.

பயன்பாட்டுக்கு ஏற்ற கட்டணம் என்றால், செலவு வரம்பும் எச்சரிக்கை மெயிலும் கட்டாயம். திடீரென்று பெரிய பில் வந்த டெவலப்பர் ஆபீஸில் தலைகுனிய வேண்டியிருக்கும். உன்னைச் சிபாரிசு செய்த ஆளுக்கு அந்த நிலை வரவே கூடாது.

8. லைசன்ஸை முதலிலேயே தீர யோசி

ஓப்பன் சோர்ஸாகக் கொடுத்தால் நம்பிக்கை சீக்கிரம் கிடைக்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் அந்த நம்பிக்கை அதைவிடச் சீக்கிரம் போகும். ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் லைசன்ஸை ஓப்பன் சோர்ஸ் அல்லாததாக மாற்றியது. அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு என்ற மாற்று, லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இடம்பிடித்துவிட்டது. எலாஸ்டிக் 2021-ல் அதே மாதிரி லைசன்ஸை மாற்றியபோது அமேசான் ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியது. 2024-ல் எலாஸ்டிக் மறுபடியும் ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸைச் சேர்த்துக்கொண்டது.

பெரிய கிளவுட் கம்பெனி உன் கோடை எடுத்துத் தன் சேவையாக விற்றால் உனக்குச் சம்மதமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டுக் கோடை வெளியிடு. எது என்றும் திறந்திருக்கும், எது விற்பனைக்கு என்று எழுத்தில் வை.

விலை, விதி எதை மாற்ற வேண்டி வந்தாலும், பழைய வாடிக்கையாளர் எதையும் இழக்காதபடி மாற்று. 2015 செப்டம்பரில் ஜெட்பிரெயின்ஸ் சப்ஸ்கிரிப்ஷனை அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது. அதே மாதத்தில் திட்டத்தைத் திருத்தியது. ஒரு வருடம் கட்டியவர், பிறகு நிறுத்தினாலும், ஒரு பதிப்பை என்றென்றும் பயன்படுத்தலாம் என்றது. டெவலப்பர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

9. கோளாறு வந்தால் முதலில் நீயே சொல்

2017 ஜனவரி 31-ல் கிட்லேப் பணியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். வைத்திருந்த பேக்கப் முறைகள் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகலை வைத்துத்தான் மீண்டார்கள். கம்பெனி எதையும் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, பிறகு முழு விளக்கமும் எழுதியது. அந்தக் கம்பெனி 2021-ல் பங்குச் சந்தைக்குப் போனது.

நீ செய்ய வேண்டியவை மூன்று. சேவை நிலவரத்தைக் காட்டும் பக்கத்தை உன் சர்வருக்கு வெளியே வை. பேக்கப் எடுப்பதோடு நிற்காமல் மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார். கோளாறைச் சரிசெய்த சில நாட்களுக்குள் காரணத்தையும் மாற்றத்தையும் எழுது. ஆள் பெயரைப் போடாதே.

10. எண்ண வேண்டியதை எண்ணு

ரீதிங்க்டிபி என்ற டேட்டாபேஸை டெவலப்பர்கள் கொண்டாடினார்கள். 2016-ல் கம்பெனி மூடப்பட்டது. தவறான சந்தையைப் பிடித்தோம், தவறான அளவுகோல்களை வைத்து உழைத்தோம் என்று நிறுவனர் பிறகு எழுதினார். கிட்ஹப் ஸ்டார் ஏறுவது மகிழ்ச்சிதான், ஆனால் அதை வைத்துச் சம்பளம் போட முடியாது. நீ வாராவாரம் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் முதல் பலனைப் பார்த்தார்கள், நான்காவது வாரமும் எத்தனை பேர் வந்தார்கள், ஒரே கம்பெனி மெயிலிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். மூன்றாவது எண் உயரும் கம்பெனிக்குத்தான் நீ டீம் திட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். அதுவும் மேனேஜருக்கு எழுதும் முன், ஏற்கெனவே பயன்படுத்தும் டெவலப்பருக்கு.

கடைசியாக, பொறுமை. பிரவுசர்ஸ்டாக் 2011-ல் தொடங்கி, 2018 வரை வெளி முதலீடு வாங்காமல் வருமானத்தில் வளர்ந்தது. இன்றைய ஜோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்ததே, நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் எழுதுபவர்களுக்கான கருவிகள்தான். சென்னையில் இருந்துகொண்டே இந்தத் தொழிலைச் செய்ய முடியும் என்று அன்றே காட்டிவிட்டார்கள்.

இந்த வாரமே மூன்றைச் செய். புதிதாக ஒருவரை உட்காரவைத்து முதல் பத்து நிமிடத்தைப் பார். மேனேஜருக்கான அந்த ஒரு பக்கத்தை எழுது. ஒரே கம்பெனியிலிருந்து மூன்று பேருக்கு மேல் வந்திருக்கும் பட்டியலை எடுத்து, அதில் முதலில் சேர்ந்தவருக்கு உன் கைப்பட ஒரு மெயில் போடு. என்ன கஷ்டம் என்று கேள், அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி எழுது. விலையைப் பற்றி அதன் பிறகு பேசு.