சிவப்பு மூடி போட்ட மருந்து டப்பா



கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மார்பின், கோடீன் எல்லாம் அதிலிருந்துதான் வருது. இவற்றையும், இவற்றைப் போலவே வேலை செய்யும் மற்ற மருந்துகளையும் சேர்த்து ஓபியாய்டு என்கிறார்கள். ஆபரேஷன் வலி, புற்றுநோய் வலிக்கு இது பெரிய உதவி. ஆனால் அளவு கூடினால் மூச்சு விடும் வேகம் குறைந்து, தூக்கத்திலேயே உயிர் போகலாம்.

அமெரிக்காவில் 2017-ல் மட்டும் சுமார் 47,600 பேர் இப்படி இறந்தார்கள். இதைத் தடுக்க சில மாநிலங்கள் போட்ட சட்டங்களில் ஒன்று: மருந்து டப்பாவில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டணும். இவ்வளவுதானா என்று கேட்கிறீர்களா?

நமக்குப் பெரும்பாலும் மாத்திரை அட்டையோடு கிடைக்கும். எச்சரிக்கையை கம்பெனியே அதில் அச்சடித்துவிடும். அங்கே பெரும்பாலும் மருந்துக்கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து எண்ணி எடுத்து, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நோயாளி பெயரும் வேளையும் அச்சடித்த சீட்டை ஒட்டித் தருவார். கூடவே தருகிற தாளை யார் பத்திரமாக வைப்பாங்க? கடைசியில் வீட்டு அலமாரியில் மிஞ்சுவது அந்தச் சீட்டு மட்டும்தான். மருந்தின் பெயரும் உதவாது. ‘பெர்கோசெட்’ என்றால் அதில் ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த மருந்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற வரி மத்திய அரசு விதிப்படி ஏற்கெனவே இருந்தது. ஏன் கூடாது என்று அது சொல்லவில்லை. கலிபோர்னியா 2018-ல் போட்ட சட்டம் அதைச் சொல்ல வைத்தது: இது ஓபியாய்டு, அளவு மீறும் ஆபத்தும் அடிமையாகும் ஆபத்தும் உண்டு என்று டப்பாவில் பளிச்சென்று தெரியணும். அரிசோனா அதே ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே போய், கடுமையான ஓபியாய்டுகளுக்குச் சிவப்பு மூடியும் போடச் சொன்னது.

சிவப்பு மூடி எனக்குப் பாதிதான் பிடிச்சிருக்கு. கண் மங்கிய தாத்தாவுக்குச் சட்டென்று தெரியும், சரி. திருட வருகிறவனுக்கும் தெரியுமே!

இன்னொன்றும் சொல்லணும். 2017-ல் இறந்தவர்களில் பாதிக்கு மேல் பென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகளால் போனவர்கள். கள்ளத்தனமாகத் தயாரித்து விற்கும் பென்டனிலுக்கு இந்தச் சீட்டு எங்கே ஒட்டுவது? சீட்டு காப்பாற்றக்கூடியது வேறு ஆளை. பாட்டிக்கு ஆபரேஷன் முடிந்து மிச்சமான மாத்திரையை, பல்வலிக்குன்னு எடுத்துப் போட்டுக்கப் போகிற பேரனை. அவன் கையில் இருப்பது அந்த டப்பா மட்டும்தான்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு