முதியோரின் பகல்நேர விழிப்பும் உளத் தொழிற்பாடும்

மாணவர்களே, “வயது போனால் பகலிலும் நித்திரைதான், பிறகு அறளை பெயர்ந்துவிடும்” எனப் பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று முழுமையாகச் சரியானதன்று. இயல்பான மாற்றம் எது, நோயின் அறிகுறி எது எனப் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. இயல்பான மாற்றங்கள்
• ஆழ்ந்த நித்திரை குறையும். இரவில் அடிக்கடி விழிப்பு ஏற்படும்.
• மூளையின் உயிரியற் கடிகாரம் முந்துவதால் நேரத்துடன் உறங்கி, விடியுமுன் எழுவர்.
• மதியத்தில் அரைமணி நேரம் கண்ணயர்தல் பெரும்பாலும் தீங்கற்றது.
• புதியவற்றைக் கிரகிக்கும் வேகம் குறையும். சொல்வளமும் பொது அறிவும் பெரிதும் நிலைத்திருக்கும்.

2. கவனிக்க வேண்டியவை
உண்ணும்போதும் உரையாடும்போதும் உறங்கி விழுதல் இயல்பன்று. காரணங்கள்:
• உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல்
• தைரொயிட் சுரப்புக் குறைதல்
• குருதிச்சோகை
• மனச்சோர்வு
• ஒவ்வாமைக்கும் நித்திரைக்கும் எடுக்கும் சில மாத்திரைகள்
இவற்றுட் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை. காலை வெயில், நடை, உரையாடல், பொருத்தமான மூக்குக்கண்ணாடி, செவிப்புலன் கருவி என்பன பகல்நேர விழிப்புக்கு உதவும்.

3. உதாரணம்
நெதர்லாந்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக்யே வான் ஆன்டெல்-ஸ்கிப்பர் (1890–2005) 115 வயது வரை வாழ்ந்தவர். 112, 113 வயதுகளில் பரிசோதித்தபோது அவரது உளத் தொழிற்பாடு 60–75 வயதினரின் சராசரியிலும் மேலாக இருந்தது. இறந்தபின் ஆராயப்பட்ட அவரது மூளையில் அல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் ஏறத்தாழ இருக்கவில்லை. எனவே அறளை முதுமையின் கட்டாய விளைவன்று. ஆயினும் அவர் ஒரு விதிவிலக்கு. வயது கூடக்கூட மறதிநோய்க்கான வாய்ப்பும் கூடும் என்பதையும் சேர்த்து எழுதுக.

4. மாதிரி வினா
உமது 86 வயது அம்மம்மா நேற்றுவரை பத்திரிகை வாசித்தவர். இன்று காலை முதல் தூங்கியபடியே இருக்கிறார். கேட்பவற்றுக்குப் பொருத்தமின்றிப் பதிலளிக்கிறார். நீர் செய்ய வேண்டியவை நான்கு தருக. (4 புள்ளிகள்)

விடை:
(i) உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல்.
(ii) மாற்றம் தொடங்கிய நேரம், காய்ச்சல், விழுந்தமை போன்றவற்றை வைத்தியரிடம் கூறல்.
(iii) அவர் பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லல்.
(iv) நன்கு விழிப்பில்லாதபோது வாயில் உணவோ நீரோ ஊட்டாதிருத்தல் (புரையேறக்கூடும்).

விளக்கம்: திடீர் மாற்றத்துக்குக் கிருமித்தொற்று, நீரிழப்பு, பக்கவாதம், குருதியில் வெல்லம் குறைதல், மருந்தின் பாதிப்பு என்பன காரணமாகலாம். அறளை பொதுவாக ஒரே நாளில் வருவதில்லை.

ஞாபகத்திற் கொள்க: “வயது போனவர், ஓய்வெடுக்க விடுவேன்” என எழுதினால் புள்ளி கிடையாது. வீட்டிலும் அதுவே ஆபத்தான விடை.