மனதில் உள்ளதைச் சொல்லப் பழகு

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாருக்கேண்ணே" என்பாய். அரியர் விழுந்தாலும், பழகிய பெண் பேசுவதை நிறுத்திவிட்டாலும், வீட்டில் கடன் ஏறினாலும் ஆண்பிள்ளைகள் சொல்லும் பதில் இதுதான். இதைத் தாண்டிப் பேச நீ பழக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சாவு வீடுகளைக் கவனித்திருப்பாய். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுவார்கள். மகனோ பந்தலுக்கும் மாலைக்கும் சொல்லிவிட்டு, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருப்பான். "நீதாம்ப்பா தைரியமா இருக்கணும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். பதினாறாம் நாள் காரியத்தோடு வேலையெல்லாம் முடிந்துவிடும். துக்கம் மட்டும் அவனிடமே தங்கிவிடும்.

தங்கிய துக்கம் வேறு உருவத்தில் வெளியே வரும். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாக, குடியாக, தூக்கமின்மையாக, காரணம் புரியாத உடல்வலியாகத்தான் தெரியும். அதனால் அவனைக் கோபக்காரன் என்று ஒதுக்கிவிடுகிறோம். 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். கடன், குடும்பச் சிக்கல், நோய் என்று காரணங்கள் பல. ஆனால் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் அவர்களில் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

விராட் கோலியையே எடுத்துக்கொள். 2014 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் பத்து இன்னிங்ஸில் 134 ரன்தான் எடுத்தார். உலகமே முடிந்துவிட்டதுபோல் இருந்தது, யாரிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்று 2019-இல் சொன்னார். அவரை அப்படிச் சொல்லவைத்தது, மனநலத்துக்காகச் சில காலம் ஆட்டத்திலிருந்து விலகிய ஆஸ்திரேலிய வீரர் கிளென் மேக்ஸ்வெல்லின் வெளிப்படையான முடிவு. ஒருவன் வாய்திறந்தால் இன்னொருவனுக்கும் துணிவு வருகிறது.

எப்படித் தொடங்குவது? முதலில் அந்த உணர்வுக்கு ஒரு பெயர் வை. "மூட் சரியில்லை" என்பதோடு நிறுத்தாதே. அவமானமா, பயமா, பொறாமையா, ஏமாற்றமா என்று பார். உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் தூண்டல் தணிவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். சொல்ல வரவில்லையென்றால் நோட்டில் எழுது.

அடுத்து, கேலி செய்யாத ஒருவரைத் தேர்ந்தெடு. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசக் கூச்சமாக இருந்தால் சேர்ந்து நடந்துகொண்டே பேசு. "யோசனை வேணாம், கேட்டாப் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடு. பல ஆண்கள் வாயை மூடிக்கொள்வது உடனே வந்து விழும் அறிவுரைக்குப் பயந்துதான்.

நண்பன் உன்னிடம் சொல்ல வந்தால் "இதெல்லாம் ஒரு விஷயமாடா" என்று தள்ளாதே. பாட்டிலைக் காட்டியும் ஆறுதல் சொல்லாதே. அவன் பேச்சில் வாழ்க்கை வெறுத்துப்போனது தெரிந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் அவனைத் தனியே விடாதே. உடனே உதவிக்கு ஆள் சேர்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் ஆர்வமும் கெட்டுக் கிடந்தால், நண்பர்கள் மட்டும் போதாது. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். உன் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

பெரிய துயரம் வரட்டும் என்று காத்திருக்காதே. நெஞ்சடைக்கும் நேரத்தில் புதிதாகப் பேசக் கற்றுக்கொள்ள முடியாது. இந்த வாரமே ஒரு சின்ன வருத்தத்தை யாரிடமாவது சொல்லிப் பார். அது அப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்றும் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்