கடன் நோட்டும் கல்வி உதவி மனுவும்

ஜூன் மாதம் பிறந்தால் நம் கடைகளில் நோட்டுப் புத்தக வியாபாரம் சூடு பிடிப்பது போலவே, சங்க அலுவலகங்களில் கல்வி உதவி மனுக்களும் குவியத் தொடங்கிவிடும். சிறிய ஊர்களில்கூட வணிகர் சங்கங்கள் ஏழை மாணவர்களுக்குக் கட்டணமும் சீருடையும் நோட்டுகளும் வழங்கி வருவது யாவரும் அறிந்ததே. நன்கொடை திரட்டுவதையும் விழா நடத்துவதையும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மனுக்களில் உள்ள குடும்பச் செய்திகளைக் காப்பதிலும், உதவி பெறுவோர் ஒரு குறை சொன்னால் அதைக் கேட்பதிலும் நாம் இன்னும் பாடம் படிக்க வேண்டியவர்களாகவே இருக்கிறோம். நாம் படித்தது பள்ளி இறுதி வரைதான். ஆகவே இதைச் சட்ட நிபுணர் பேச்சாகக் கொள்ளாமல், பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மொத்த வியாபாரியின் அனுபவமாகக் கொள்ள வேண்டுகிறோம்.

2022-ஆம் ஆண்டு நாம் கல்விக் குழுவின் பொறுப்பில் இருந்தோம். தேர்வு பெற்ற மாணவர்களின் பட்டியலைச் சங்க வாசலில் ஒட்டினோம். பெயர், தகப்பனார் பெயர், தெரு, பள்ளி ஆகியவற்றோடு "உதவிக்கான காரணம்" என்று ஒரு கட்டமும் அதில் இருந்தது. "தகப்பனார் குடிப்பழக்கம் உள்ளவர்", "தாய் கணவரால் கைவிடப்பட்டவர்" என்று மனுவில் எழுதியிருந்ததை எல்லாம் அலுவலகப் பையன் அப்படியே தட்டச்சு செய்துவிட்டான். கையெழுத்துப் போட்டது நாம். படித்துப் பார்க்காமல் போட்டோம். உறுப்பினர் ஒருவர் அதைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நன்கொடை கொடுத்தவர்கள் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

பத்து நாள் கழித்து ஓர் அம்மாள் நம் மண்டிக்கு வந்து, ரூ.3,000 இருந்த உறையை மேசையில் வைத்தார். "அண்ணாச்சி, எம் மக பள்ளிக்கூடம் போகமாட்டேங்கா. உங்கப்பா குடிகாரராமேன்னு கூடப் படிக்கிற பிள்ளைக கேட்டிருக்கு. உங்க கடையில கடனுக்கு அரிசி வாங்குறவங்க பேரை இப்படி வாசல்ல எழுதி ஒட்டுவீகளா?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பட்டியல் ஒட்டிய மூன்றாம் நாளே அவர் சங்கத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். பையன் நிர்வாகி ஒருவரைக் கை காட்ட, அவரோ, "உதவியும் வாங்கிக்கொண்டு குறையும் சொல்கிறீர்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். எழுதி வைக்கவில்லை, குழுவுக்கும் சொல்லவில்லை. அன்றே கேட்டிருந்தால் ஏழு நாள் முன்னதாகப் பட்டியல் கிழிக்கப்பட்டிருக்கும்.

அந்த அம்மாள் கேட்டதை யோசித்துப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ கடன் நோட்டுகளைப் பார்த்துவிட்டோம். யார் வீட்டில் எந்த மாதம் பணம் முடை, யார் பாக்கியைத் தவணையில் கட்டுகிறார் என்பதெல்லாம் ஒவ்வொரு மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். பக்கத்தில் ஆள் நிற்கும்போது பாக்கித் தொகையை உரக்கச் சொல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டும் நாகரிகம் நம்மிடம் உண்டு. கல்லாவில் இருக்கும் இந்த நாகரிகம் சங்க அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எங்கே போனது?

முதலில் மனுப் படிவத்துக்கு வருவோம். அப்போது நம் படிவத்தில் 23 கட்டங்கள் இருந்தன. சாதி, மதம், ரேஷன் அட்டை எண், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், உடன்பிறந்தோர் விவரம், வீடு சொந்தமா வாடகையா என்று நீண்டது. யாரோ எப்போதோ ஓர் அரசுப் படிவத்தைப் பார்த்து எழுதியது என்றே தோன்றுகிறது. விற்காத சரக்கை வாங்கி அடுக்கினால் எலிக்குத்தான் தீனி. தேவையில்லாத செய்தியை வாங்கி வைப்பதும் அப்படியே. மாணவர் பெயர், வகுப்பு, பள்ளி, பெற்றோர் பெயர், ஒரு தொலைபேசி எண், கட்டண விவரம், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, இவ்வளவு இருந்தால் தேர்வு செய்ய முடியும். வருமானச் சான்றைப் பார்த்துவிட்டு, "பார்த்தோம்" என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு எண் தேர்வானவர்களிடம் மட்டும் போதும். ஆதார் நகல் கட்டாயம் வேண்டும் என்று கணக்கர் சொன்னால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதார் கிடைக்கிறது; அதை வாங்கிக்கொள்ளலாம். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டமே தடுக்கிறது. குடும்பக் கஷ்டத்தை எழுதச் சொல்லும் கட்டத்தை எடுத்துவிட்டு, குழுவில் ஒருவர் தனியாகக் கேட்டறிந்து "தகுதி உண்டு" அல்லது "இல்லை" என்று மட்டும் குறிக்கலாம்.

பழைய மனுக்கள் என்ன ஆகின்றன என்றும் பார்க்க வேண்டும். பொட்டலம் மடிக்கப் பழைய தாள் எடை போட்டு வாங்கிய காலத்தில், கடுகு மடித்த ஒரு தாளைப் பிரித்தால் யாரோ ஒரு விதவைத் தாயின் வருமானச் சான்று நகல், புகைப்படத்தோடு! எந்த அலுவலகத்துக் கட்டிலிருந்து எடைக்குப் போனதோ தெரியாது. இப்போது உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் எடைக்குப் போடும் வழக்கம் போகவில்லை. தணிக்கை முடிந்து கணக்குக்குத் தேவையில்லை என்றானபின் மனுக்களை நம் கையாலேயே கிழித்துவிட வேண்டும்.

இதெல்லாம் நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும் ஆகிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதன்பின் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம்மைப் போன்றோர் மீதான முக்கியக் கடமைகளுக்கு விதிகள் 18 மாத அவகாசம் தந்துள்ளன. அதாவது 2027 மே மாதம் வரை. "நம்மிடம் இருப்பது காகிதம்தானே" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். காகிதத்தில் வாங்கியதைக் கணினியில் ஏற்றினாலும் சட்டம் பொருந்தும். வாட்ஸ்அப்பில் போட்ட பட்டியல் வேறென்ன?

18 வயது நிறையாதவர் அனைவரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கத்தக்க முறையில் பெற வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லிப் பெற வேண்டும்; அதை ஆங்கிலத்திலோ தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலோ பெற்றோர் படித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். கொடுத்த சம்மதத்தை அவர்கள் திரும்பப் பெறலாம். தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரையும், குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் ரூ.200 கோடி வரையும் அபராதம் என்கிறது சட்டம். தவறின் அளவைப் பார்த்தே அபராதம் விதிக்கப்படும். என்றாலும் அந்தத் தொகையைப் படித்த இரவு நமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நம் வணிகர்களுக்கு வரும் ஒரு சபலத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல தொகை கொடுத்த அன்பர் ஒருவர், "அந்தப் பெற்றோர்களின் கைபேசி எண்களைக் கொடுங்கள், தீபாவளிச் சலுகை அனுப்பலாம்" என்று கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை, வியாபார புத்தி. ஆனால் படிப்புக்காகக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவர்கள் சம்மதிக்கவில்லை. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் சட்டத்தில் தடை உள்ளது. அந்த அன்பர் ஆறு மாதம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெயர் வெளியிடாவிட்டால் பணம் சரியான கைக்குப் போனதென்று யார் நம்புவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மூட்டையில் ஊர் பேர் எழுதாமல் மார்க்கா போட்டு அனுப்புகிறோமே, சரக்கு மாறியா போகிறது? மனு எண்ணை மட்டும் வாசலில் ஒட்டலாம். எத்தனை பேர், எந்தெந்த வகுப்பு, மொத்தம் எவ்வளவு என்பதைப் பொதுக்குழுவில் வைக்கலாம். பெயர்ப் பதிவேடு பூட்டிய பீரோவில் இருக்கட்டும், தணிக்கையாளர் பார்க்கட்டும். விழா மேடைப் புகைப்படத்துக்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். "படம் வேண்டாம்" என்பவருக்கும் உதவித் தொகை குறையக் கூடாது.

இனிப் புகார். எடை குறைகிறது என்று வாடிக்கையாளர் பொட்டலத்தோடு திரும்பி வந்தால் நல்ல கடைக்காரர் என்ன செய்கிறார்? அவர் கண் முன்னே மறுபடி தராசில் வைக்கிறார். "எங்கள் கடையிலா?" என்று கோபப்படுகிறவரிடம் அடுத்த மாதம் யாரும் வருவதில்லை. கல்வி உதவியில் சிக்கல் என்னவென்றால், பெறுகிறவர் வேறு கடைக்குப் போக முடியாது. ஆகவே அவர் வாய் திறக்கவே அஞ்சுவார். புகார் வரவில்லை என்று நாம் பெருமைப்பட்டுக் கொண்டிருந்த ஆண்டுகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2023 முதல் நாம் கடைப்பிடிக்கும் முறை இது. தேர்வுக் குழுவில் இல்லாத இருவர் புகாரை வாங்குகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. தாய்மார்கள் ஆண்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்கிறார்கள். வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொண்டு, எண்ணும் தேதியும் இட்ட ரசீது தருகிறார். புகாருக்கு 90 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது புதிய விதிகளில் உள்ள உச்ச வரம்பு. பள்ளிக் கட்டணத்துக்கு 90 நாள் காத்திருந்தால் காலாண்டுத் தேர்வே வந்துவிடும். ஆதலால் கட்டணம் பற்றியதற்கு 7 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டோம்.

புகார் சொன்னவர் யார் என்பதைக் காப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். மனுப் படிவத்துக்கு ஒருவர் ரூ.100 வாங்குகிறார் என்று ஒரு புகார் வந்தது. அந்த ஒரு வீட்டில் மட்டும் விசாரித்திருந்தால் சொன்னவர் யார் என்பது மாலைக்குள் தெருவெல்லாம் தெரிந்திருக்கும். ஆகவே அந்தப் பகுதியில் படிவம் வாங்கிய 12 வீடுகளிலும் ஒரே கேள்வியைக் கேட்டோம். 5 வீட்டார் கொடுத்ததாகச் சொன்னார்கள். பணம் திரும்பியது, அவரிடமிருந்து படிவக் கட்டும் திரும்பியது. யார் சொன்னது என்று அவர் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு வகைப் புகாரை மட்டும் நாம் விசாரிக்கக் கூடாது. பிள்ளையிடம் யாரேனும் தகாத முறையில் நடந்ததாகத் தெரிந்தால் கூட்டம் போட்டுப் பஞ்சாயத்து செய்வதும், சங்கத்தின் பெயர் கெடும் என்று மூடுவதும் குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-இலும் சொல்லலாம். பிள்ளையின் பெயர் எந்தக் குறிப்பிலும் வெளியே வரக் கூடாது.

அந்த அம்மாளின் மகள் மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினாள் என்று கேள்விப்பட்டோம். ஆசிரியை ஒருவர் வீட்டுக்கே போய் அழைத்து வந்தாராம். ரூ.3,000-ஐ மறுபடி கொடுக்க நாம் இரண்டு முறை முயன்றோம், வாங்கவில்லை. அந்த வீட்டில் இளையவன் ஒருவன் படிக்கிறான். இதுவரை அங்கிருந்து மனு வரவில்லை.

புதிய படிவம் 9 கட்டங்களோடு தயாராக இருக்கிறது. பிற ஊர்ச் சங்கத்தார் கேட்டால் மாதிரி அனுப்பி வைக்கிறோம். சங்க மாடியில் பழைய மனுக்கள் இன்னும் 4 சாக்குகள் கிடக்கின்றன. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அவற்றைக் கிழிக்க உட்காருகிறோம். நான்கு உறுப்பினர்கள் வந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். தேநீர் நம் செலவு.