நெல்லிக்காய் வெற்றிலைக்கு மாற்றுமருந்தா?

நம்பிக்கை 1: பெரிப் பழங்கள் புற்றுநோயைத் தடுத்துவிடும்.

உண்மை: இந்தப் பேச்சுக்கு ஆய்வுகூட அடிப்படை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனரின் குழு, எலிகளின் தீவனத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை உலர்த்திய கறுப்பு ராஸ்பெரிப் பொடியைக் கலந்து கொடுத்தபோது, உணவுக்குழாய்க் கட்டிகள் குறைந்தன. ஆனால் மனிதர் எவரும் நாள் தவறாமல் அந்த விகிதத்தில் பழம் தின்பதில்லை. தின்றாலும் பழத்தின் நிறமிகளில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. ஐரோப்பாவில் 4.7 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 200 கிராம் பழமும் மரக்கறியும் கூடுதலாக உண்பவர்களிடம் புற்றுநோய் ஏறத்தாழ 3 சதவீதமே குறைவு என்றது. சத்தைப் பிரித்து மாத்திரையாக்கினால் பலன் பெருகுமா என்றால், பின்லாந்தின் அனுபவம் எச்சரிக்கிறது. அங்கே புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதாக 1994இல் தெரியவந்தது. பழம் நல்ல உணவு. அதற்கு மேல் அதன்மீது மருந்தின் பாரத்தை ஏற்றக்கூடாது.

நம்பிக்கை 2: விலை கூடிய வெளிநாட்டுப் பெரிகளில்தான் சக்தி இருக்கிறது.

உண்மை: நூறு கிராம் புளூபெரியில் விட்டமின் சி சுமார் 10 மில்லிகிராம், ஸ்ட்ரோபெரியில் சுமார் 60, கொய்யாவில் 200க்கும் மேல். இதனால் கொய்யா புற்றுநோயைத் தடுக்கும் என்று ஆகிவிடாது. சத்துக்கு விலை அளவுகோல் அல்ல என்பதே இதன் பொருள். உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலை எண்களால் வரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க விவசாயத் திணைக்களமே 2012இல் விலக்கிக்கொண்டது. சோதனைக் குழாயில் கிடைத்த எண் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லாது என்பதே காரணம். பண்டாரவளைக் கடையில் புளூபெரிப் பெட்டியைத் தேடுவதைவிட, பதுளைச் சந்தையில் பருவத்துக்கு வரும் நெல்லி, நாவல், கொய்யா, பப்பாசியை வீட்டாருக்குத் தொடர்ந்து கொடுப்பது மேல். போத்தலில் வரும் நெல்லிச் சாற்றைப் பழக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் சீனிதான் மிஞ்சும்.

நம்பிக்கை 3: வெற்றிலை போட்டாலும் பழம் சாப்பிட்டால் ஈடாகிவிடும்.

உண்மை: பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் மிகக் கூடுதலான தீங்கு செய்வது இந்த எண்ணம்தான். இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. தென்னாசிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், புகையிலையோடு வெற்றிலை மெல்பவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல். புகையிலை இல்லாமல் மெல்பவர்களுக்கும் சுமார் இரண்டரை மடங்கு. பழம் உண்பவர்களிடம் இந்நோய் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வது மெய்தான். ஆனால் பழம் உண்பவர்கள் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர்களும் மெல்பவர்களுமாக இருப்பதால், பெருமை முழுவதும் பழத்துக்கே சேராது. "எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை மென்றாரே" என்பார்கள். தப்பியவரே நம் கண்முன் நிற்கிறார்; இடையில் போனவர்களைக் கணக்கில் சேர்த்தால்தான் ஆபத்து விளங்கும். குளிரிலும் பசியிலும் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வெற்றிலை ஒரு துணை என்பதையும் மறுப்பதற்கில்லை. அதனால் குறை சொல்வதைவிட, முதலில் புகையிலையையும் பிறகு பாக்கையும் விட உதவுவதே முறை. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், முன்போல் வாய் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் தோட்ட மருந்தகத்தோடு நின்றுவிடாமல் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்ட வேண்டும். நெல்லிக்காயை நம்பி அந்த வாரங்களை இழப்பதுதான் பெரிய நஷ்டம்.