டார்ச் அடித்தால் தேவாங்கு தெரியுமா?

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். இப்படியொரு செய்தி வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மொத்தம் எத்தனை இருக்கு?" கேள்வி நியாயமானதே. ஆனால் கால் கிலோ சொச்சம் எடை, பகலெல்லாம் முட்புதருக்குள் சுருண்டு தூக்கம், இருட்டிய பிறகே நடமாட்டம் என்று வாழும் பிராணியை எண்ணுவது எப்படி? இரவில் மரவாழ் உயிர்களைக் கணக்கெடுப்பது பற்றி ஊர்க்காரர்களிடமும் சரி, ஆர்வத்தோடு வரும் தன்னார்வலர்களிடமும் சரி, சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: டார்ச் பெரிதாக இருந்தால் எல்லாம் தெரியும்.

தெரியாது. தேவாங்கின் உடல் கண்ணில் படுவதே அபூர்வம். படுவது அதன் கண்ணொளி. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான படலம், உள்ளே வரும் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. இந்தத் 'திசை' என்பதில்தான் சூட்சுமம். டார்ச்சை இடுப்பருகே பிடித்துக்கொண்டு வேலமரத்தைத் துழாவினால், திரும்பி வரும் ஒளி இடுப்புக்குத்தான் போகும், கண்ணுக்கு வராது. அதே டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தால், அதுவரை வெறும் முள்ளாகத் தெரிந்த கிளையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் அடுப்புத் தணல்போல் விழித்துக்கொள்ளும். களப்பணியாளர்கள் நெற்றி விளக்கு கட்டுவது கை ஓய்வாக இருக்கட்டும் என்பதற்காக மட்டுமில்லை.

வெளிச்சம் கூடினால் வேறொரு தொல்லை. வெள்ளை ஒளி கண்ணைக் கூசச் செய்ததும் பிராணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முகம் திரும்பினால் கண்ணொளி போச்சு. விலங்கு அங்கேயே இருந்தாலும் உங்கள் நோட்டில் அது இல்லை. அதனால்தான் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்கிறார்கள். இரவுப் பிராணிகளுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. கண்டுபிடித்தபின் இனத்தை உறுதி செய்ய மட்டும் ஒரு கணம் வெள்ளை வெளிச்சம். புகைப்படத்துக்காகப் பத்து நிமிடம் ஃபிளாஷ் அடிப்பவர்களைக் கணக்கெடுப்பில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

நம்பிக்கை: கண் மின்னினால் தேவாங்குதான்.

பூனைக்கும் மின்னும், மரநாய்க்கும் மின்னும், சிலந்திக்கும் மின்னும். புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பாதையோரத்தில் உட்கார்ந்திருக்கும் பக்கிக் குருவி. அதன் கண்ணும் செம்மையாகத்தான் எரியும். தேவாங்கின் கண்கள் இரண்டும் முன்பக்கம் பார்ப்பவை. நேரே பார்க்கும்போது அருகருகே, ஒரே மட்டத்தில் இரண்டு புள்ளிகள். தலை திரும்பினால் ஒன்று, பிறகு இருட்டு, மறுபடி இரண்டு. எவ்வளவு உயரம், என்ன கிளை, எப்படி நகர்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் பெயரெழுத வேண்டும். சந்தேகமென்றால் 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதுவதில் எந்த வெட்கமும் இல்லை. அப்படி எழுதத் தெரிந்தவரின் நோட்டைத்தான் நம்பலாம்.

நம்பிக்கை: நடந்து பார்த்தோம், ஒன்றுகூடத் தென்படவில்லை, அங்கே தேவாங்கு கிடையாது.

இதுதான் அதிகம் கெடுதல் செய்வது. சாலை போட, குவாரி திறக்க, 'இங்கே அரிய விலங்கு எதுவும் இல்லை' என்று எழுத ஒரே ஒரு இரவு நடை போதும் என்றாகிவிடும். ஒரு தடத்தில் தேவாங்கு வாழ்கிறது. ஆனால் ஒரு நடையில் அது கண்ணில் படும் வாய்ப்பு பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் இரவு நடந்தவர், இரண்டில் ஒரு தடவை 'இல்லை' என்று பிழையாக எழுதுவார். மூன்று இரவு நடந்தால் அந்தப் பிழை எட்டில் ஒன்றாகக் குறையும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் இந்த எளிய கணக்குதான். எத்தனை இரவில் பட்டது, எத்தனை இரவில் படவில்லை என்பதிலிருந்தே, தவறவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட முடியும்.

எண்ணிக்கையை இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை என்று சொல்வதும், தடத்திலிருந்து விலங்கு எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்று குறிப்பதும் இதற்காகவே. தூரம் போகப்போகக் கண்ணில் படுவது குறையும். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், படாமல் போனதையும் கணிக்கலாம். கோடையில் இலை உதிர்ந்த காட்டில் கிடைக்கும் எண்ணையும், மழைக்குப்பின் தழைத்த காட்டில் கிடைக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்து 'தேவாங்கு குறைந்தது' என்று தலைப்புப் போட்டால், குறைந்தது விலங்காகவே இருக்க வேண்டியதில்லை, பார்வை மறைந்திருக்கலாம்.

நம்பிக்கை: ஆள் அதிகம் இருந்தால் அதிகம் பார்க்கலாம்.

இரண்டு மூன்று பேர் போதும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில், அடிக்கடி நின்று, காது கொடுத்து நடக்க வேண்டும். தேவாங்கு சீட்டியடிக்கும், கதை பேசிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு அது கேட்காது.

நம்பிக்கை: தேவாங்கு தனிமைப் பிராணி, மந்தமானது, ஒன்றைப் பார்த்தால் ஒன்று என எழுதிவிட்டு நகரலாம்.

1990-களின் இறுதியில் திண்டுக்கல் அருகே அய்யலூர்க் காட்டில் மாதக்கணக்கில் இரவிரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்த நெகாரிஸ் என்ற ஆய்வாளர் கண்டது வேறு. பகலில் அவை சேர்ந்து உறங்குகின்றன. இரவிலும் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. தாய் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போவதும் உண்டு. எனவே ஒரு ஜோடிக் கண் தெரிந்தால், அங்கேயே சற்று நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதுதான் முறை. அவற்றின் இரை ஏறத்தாழ முழுக்கப் பூச்சிபொட்டுகள். எறும்பும் கரையானும் தாராளமாக. வேகத்தைப் பொறுத்தவரை, இலங்கையின் ஈரமண்டலக் காடுகளில் வாழும் சிவப்புத் தேவாங்கு கிளைகளில் விரைந்து ஓடக்கூடியது என்று 2007-இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. தேவாங்குக்கு வராதது ஓட்டமில்லை, தாவல். கிளை கிளையோடு தொட்டால்தான் கடக்கும். தொடாத இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடந்து வண்டியில் அடிபடும்.

நம்பிக்கை: அடர்ந்த காட்டில்தான் தேட வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழும் வகையும் உண்டு. ஆனால் கடவூரும் அய்யலூரும் வறண்ட முட்காடு. வேலமும் கள்ளியும் பின்னிக் கிடக்கும் புதர், தோட்டத்து உயிர்வேலி, ஓடைக்கரை, இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். காப்புக்காட்டின் எல்லைக் கல்லோடு கணக்கெடுப்பை நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடும்போது என்ன போகிறது என்பது எந்தப் பதிவிலும் ஏறாமலே போய்விடும்.

நம்பிக்கை: அதன் கண் மருந்து, உடல் மாந்திரீகத்துக்கு ஆகும்.

கண்நோய்க்கும் அதன் கண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிடித்து விற்பவருக்கு மட்டுமே பலன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். 'பார்த்தாலே ஆகாது' என்ற பேச்சும் இதோடு ஒட்டி வருகிறது. இது கணக்கெடுப்பையும் பாதிக்கும்: ஊரில் போய் "தேவாங்கு இருக்கா?" என்று கேட்டால், சகுனத்துக்கோ வழக்குக்கோ பயந்து "இல்லீங்க" என்று முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டிய ஆளும் விதமும் வேறு. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற நாட்களில் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகிறவரிடம், "அண்ணே, வேலியில கண்ணு மின்னுமே, கடைசியா எந்தப் பக்கம் பார்த்தீங்க?" என்று கேட்டால், புளியமரத்தையோ ஓடைத் திருப்பத்தையோ சுட்டிச் சொல்லிவிடுவார். அடுத்த இரவின் தடத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.