வீடு மாறும் பெரியவர்களும் வணிகர் செய்யக்கூடிய உதவியும்



புதுக்கணக்கு போடும் முன் நாம் கடையில் இருப்பு எடுக்கிறோம். நல்ல சரக்கு எது, கழிவு எது, திருப்பி அனுப்ப வேண்டியது எது என்று பிரித்து எழுதுகிறோம். பழகிய நமக்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை அது. இதே வேலையை, நாற்பது ஐம்பது வருடம் குடியிருந்த வீட்டில், எழுபது வயது தாண்டிய ஒருவர் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்றால் என்ன ஆகும்?

நம் மரக்காணம் உப்பளக் கரையோர ஊர்களில் இன்று நடப்பது இதுதான். மகன் சென்னையில், மகள் புதுச்சேரியில். வீட்டுப் பெரியவர் காலமானதும், தனியாக இருக்கும் தாயாரை அழைத்துப் போகப் பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள். ஞாயிறு மாலை லாரி கிளம்பிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். அதன்பின் இந்த விகிதம் ஏறியே வருகிறது. ஆகவே இந்த வீடு மாற்றம் நம் வாடிக்கையாளர் வீட்டிலும் நடக்கும், நம் வீட்டிலும் நடக்கும்.

லாரியில் ஏற்றுவது சிறிய வேலை. எதை ஏற்றுவது என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை. அந்த முடிவு பெரியவருடையதாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பாடம் இதுவே.

அமெரிக்காவில் இதற்கென்றே தனித் தொழில் வளர்ந்திருக்கிறது. முதியோர் வீடு மாற உதவுகிறவர்கள் 2002ஆம் ஆண்டில் தேசிய அளவில் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். பெரியவருடன் உட்கார்ந்து சாமான்களைப் பிரிப்பது, புது வீட்டின் அளவு எடுத்து எது எங்கே அடங்கும் என்று பார்ப்பது, போய்ச் சேர்ந்ததும் கட்டிலையும் அலமாரியையும் பழைய வீட்டில் இருந்தது போலவே அமைத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. நம் நாட்டில் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டி ஏற்றி இறக்குவதோடு சரி. பிரிக்கும் வேலையைச் செய்ய ஆள் இல்லை. இருப்பு எடுக்கத் தெரிந்த, அந்த வீட்டை முப்பது வருடமாக அறிந்த மளிகைக்காரர் அந்த இடத்தில் நின்று உதவலாம். அட்டைப்பெட்டியும் சணல் சாக்கும் நம்மிடம் உண்டு. லோடுமேன்களும் குட்டி யானை ஓட்டுநர்களும் நமக்குப் பழக்கம்.

சாமான் பட்டியல்

'எழுதாத கணக்கு அழுதாலும் தீராது' என்பார்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: உடன் எடுத்துச் செல்வது, உறவினருக்குக் கொடுப்பது, விற்பது, இங்கேயே விடுவது. ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். பரணில் உள்ள பித்தளை அண்டாவை முதலில் இறக்காதீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கதை இருக்கும், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். சமையலறையில் தினம் புழங்கும் சாமானில் தொடங்குங்கள். பட்டியல் முடிந்ததும் பெரியவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகள் 'அம்மாவுக்கு என்ன தெரியும்' என்று சொன்னாலும், சரக்கு யாருடையதோ அவரைக் கேட்டுத்தான் பட்டியல் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிரித்துக் கொடுக்கிற வணிகர், கழிக்கிற சாமானைத் தாமே விலைக்கு எடுக்கக் கூடாது. பித்தளை, செம்பு எதுவானாலும் முத்திரையிட்ட தராசில் பெரியவர் கண்முன் எடை போட்டு, இரண்டு கடையில் விலை கேட்டு, பணத்தை அவர் கையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். இதில் ஒரு ரூபாய் சந்தேகம் வந்தாலும் முப்பது வருட நம்பிக்கை போய்விடும்.

நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு பீரோவின் அடித்தகடு முதலில் அரித்துப்போகும். வெளியில் பெயிண்ட் நன்றாகவே தெரியும். தூக்கும்போது கால் கழன்று ஆள் மீது சாயும். பீரோவைக் காலி செய்து, அடிப்பக்கம் தட்டிப் பார்த்த பிறகே தூக்கச் சொல்லுங்கள். கூடுமானவரை ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயலும் இந்தக் கரையில் என்ன செய்தன என்பது நமக்குத் தெரியும். தை, மாசி நல்ல காலம்.

லாரிக்காரரிடம் கேட்க வேண்டியவை

1. வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிப்படிக்குத் தனிக் கூலி உண்டா என்பதை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள். ஏற்றிய பிறகு தொகையை உயர்த்தி, கொடுத்தால்தான் இறக்குவோம் என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் புகார். முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

2. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் விதிப்படி, சரக்கின் மதிப்பைக் கூடுதலாக அறிவித்து அதற்கான கட்டணம் செலுத்தாவிட்டால், சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். வாடகை 8,000 ரூபாய் என்றால் 80,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. விலை உயர்ந்த பொருள் இருந்தால் மதிப்பை எழுதிக் கொடுத்தே புக்கிங் செய்யுங்கள். நிறுவனத்தின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்குப் போடும் முன், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இதனால்தான் ரசீது முக்கியம்.

3. 'இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் சொல்கிறோம்' என்றால், பாலிசி நகலைக் கேளுங்கள். நகல் இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை. ஆனால் அதே வண்டியில் கடைச் சரக்கைக் கலந்து அனுப்பாதீர்கள். நம் சரக்குக்கு உரிய பில் இல்லாமல் வண்டி நின்றால், பெரியவரின் கட்டிலும் சேர்ந்து வழியில் நிற்கும்.

5. தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

லாரியில் ஏறக் கூடாதவை

நகை, பத்திரம், வங்கிப் புத்தகம், ஓய்வூதியத் தாள், பத்து நாள் மருந்து, கண்ணாடி, மருத்துவச் சீட்டு எல்லாம் ஒரே பையில் பெரியவர் கையோடு போக வேண்டும். எரிவாயு சிலிண்டரையும் ஏற்றக் கூடாது. வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, ரசீது பெற்று, புது ஊரில் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததால், அட்டைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டை என்ன செய்வது

சாமானை விடப் பெரிய கேள்வி இது. பல பெரியவர்கள் கிளம்பும் அவசரத்திலேயே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்து உப்பு வணிகரான உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்படுவார்கள் என்று புறநானூற்றால் அறிகிறோம். நல்ல பாதை என்று நம்பியும் அவர்கள் அதை அவிழ்த்துப் போடவில்லை. வயதான காலத்தில் சொந்தப் பெயரில் உள்ள வீடும் அப்படித்தான். புது இடம் ஒத்துவருகிறதா என்று ஆறு மாதமாவது பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லுங்கள்.

எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆவது பிரிவை அறிந்திருக்க வேண்டும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தைப் பெற்றவர் பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வாதத்துக்கு இடமில்லை. வாய்ச்சொல்லாக இருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு. நம் மரக்காணம் வட்டம் திண்டிவனம் வருவாய்க் கோட்டத்தில் சேர்ந்தது. மனுவை அங்கே கொடுக்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இதைச் சொல்வதால் பிள்ளைகளைச் சந்தேகிப்பதாக ஆகாது. அண்ணன் தம்பிக்குள்ளும் நாம் பங்குப் பத்திரம் எழுதித்தானே வியாபாரம் செய்கிறோம்?

கடைக்காரர் கடைசியாகச் செய்ய வேண்டியது

பற்று வரவைப் பெரியவர் முன்பே கூட்டித் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் பழைய பாக்கியை எடுத்து அவரைத் தலைகுனிய வைக்காதீர்கள். அவர் வீட்டு மாதச் சாமான் சிட்டையைத் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்ன அரிசி, எத்தனை கிலோ, சர்க்கரை நோய் இருப்பதால் என்ன தவிர்க்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். புது ஊர்க் கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. அந்தத் தாள் அவருக்குத் தெரியப்படுத்தும்.

இதைத் தொழிலாகச் செய்ய விரும்பும் இளைய வணிகர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆள் கூலி, பெட்டி, நம் மேற்பார்வை என்று தனித்தனியே எழுதிக் கட்டணம் வாங்கினால் அதில் தவறில்லை. வாங்கியதற்கு ரசீது கொடுக்க வேண்டும்.

புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் எடுத்துப் போவது நம் வழக்கம். வீடு மாறும் வாடிக்கையாளருக்கு நம் மரக்காணத்து உப்பு ஒரு படியும் மஞ்சள் ஒரு பொட்டலமும் நம் கடைக் கணக்கில் கட்டிக் கொடுத்து அனுப்புமாறு சகோதர வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.